மதிலுக்கு அப்பால்!

இங்கிலாந்து நாட்டின் வடபுலத்திலே, மேய்ச்சல் நிலங்களின் ஊடே நீண்டு கிடக்கிறது ஒரு கற்சுவர். அதன் ஓரத்திலே ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன. காண வந்தோர் அதன் அருகே நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். தந்தையின் கையை உதறிவிட்டு ஓடுகிறான் ஒரு சிறுவன். இடிந்த வாயில் வழியே அப்புறம் போகிறான், மீண்டும் இப்புறம் வருகிறான், மறுபடியும் அப்புறம்! அவன் மூச்சு நிற்கவில்லை. நாகம் அவனைத் தீண்டவில்லை. வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து தின்பதற்கு ஏதேனும் வேண்டுமென்று கேட்கிறான்.

இதிலென்ன வியப்பு என்பீர்கள். வியப்பு இருக்கிறது. ஏறத்தாழ 1,450 ஆண்டுகளுக்கு முன்பு, ஜஸ்டினியன் பேரரசன் காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர், அந்த மதிலைத் தாண்டுகிறவன் அக்கணமே மாண்டுபோவான் என்று கூறப்படுவதாக எழுதி வைத்தார். எழுதியவர் தெருக்கோடிக் கதைசொல்லி அல்ல. படைத்தலைவரின் பக்கத்திலிருந்து போர்களைக் கண்டு எழுதிய புரோகோபியஸ். மதிலின் கிழக்கே நல்ல காற்று, நல்ல விளைச்சல், மக்கள் கூட்டம். மேற்கே ஒருவன் அரைமணி நேரமும் உயிரோடிருக்க முடியாத நச்சுக்காற்று, எண்ணற்ற பாம்புகள்!

சுவர் ஒன்றுதான். அன்றும் அதே மண், அதே மழை. பிறகு எப்படி முளைத்தன அந்தப் பாம்புகள்? இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையிலே தொடர்ந்து செல்ல விரும்புகிறேன். செல்லும் வழியிலே மன்னர்கள் வருவர், பாதிரிமார் வருவர், மாயக்கதை எழுதிய நாவலாசிரியர்களும் வருவர்.

"மாயக்கதையா? பகுத்தறிவாளனுக்கு மோகினியும் குட்டிச்சாத்தானும் எதற்கு?" என்று முகம் சுளிக்கும் இளைஞர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு சொல். "நம்பு" என்று கட்டளையிடும் கதை வேறு; "எண்ணிப்பார்" என்று அழைக்கும் கதை வேறு. முன்னது மூளைக்கு விலங்கு. பின்னது மூளைக்குப் பயிற்சி. பேய் உண்டென்று சொல்லிக் காசு பறிப்பவனை நாம் எதிர்க்கிறோம். பேய் என்ற பெயரை யார் யாருக்குச் சூட்டினார்கள், ஏன் சூட்டினார்கள் என்று காட்டுகின்ற எழுத்தாளனை எதிர்க்க வேண்டியதில்லை. அவன் நம்மோடு நடக்க வேண்டியவன்.

மதிலின் கதைக்கு வருவோம். கி.பி. 122-ஆம் ஆண்டு ரோமாபுரிப் பேரரசன் ஹேட்ரியன் பிரித்தானியத் தீவுக்கு வந்தான். அவன் ஆணைப்படி, கிழக்கே டைன் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை, இன்றைய கணக்கில் சுமார் 117 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் எழும்பியது. நாகரிகத்தையும் காட்டுமிராண்டித்தனத்தையும் பிரிக்க எழுந்த மதில் என்று பிற்காலத்தார் பெருமை பேசினர். ஆனால் கல் வேறு கதை சொல்லுகிறது. ரோமானிய மைல் ஒன்றுக்கு ஒன்றாகச் சிறு கோட்டைகள் அமைத்தார்கள். அக்கோட்டைகளிலே வடக்கு நோக்கி வாயில் வைத்தார்கள். எவரும் புகவே கூடாதென்று சுவர் எழுப்புகிறவன் மைலுக்கு ஒரு கதவு வைப்பானா? கதவு வைத்தவன் கண்காணிக்க விரும்பியவன். யார் வருகிறார், எதைக் கொணர்கிறார், எத்தனை பேர், ஆயுதம் உண்டா, வரி எவ்வளவு என்று கேட்டு நிறுத்துவதற்கான இடம் அது.

மதிலின் இருபுறமும் வாழ்ந்தோர் யார்? இருபுறமும் பிரித்தானியர்தாம்! ஏறத்தாழ ஒரே மொழியைப் பேசியவர்கள். ஒரே வகை வீடு கட்டியவர்கள். ஒரே வகை மாடு வளர்த்தவர்கள். மதிலைக் காத்து நின்றவர்களோ சிரியாவிலிருந்தும், டேசியாவிலிருந்தும், ரைன் நதிப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள். மூன்றாம் நூற்றாண்டிலே, மதிலின் மேற்குக் கோடியிலுள்ள ஒரு கோட்டையில் வட ஆப்பிரிக்க மூர் படைப்பிரிவு ஒன்று தங்கியிருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. உள்ளூரான் வெளியே, வெளியூரான் உள்ளே! இதுதான் அந்த எல்லைக்கோட்டின் உண்மை.

மதிலுக்குத் தெற்கே வின்டோலாண்டா என்னும் கோட்டையின் சேற்றிலிருந்து, மெல்லிய மரச்சீவல்களில் மை கொண்டு எழுதிய கடிதங்களை 1973 முதல் தோண்டியெடுத்து வருகிறார்கள். மதில் எழும்புவதற்கும் சற்று முந்திய காலத்தவை. ஒரு சீவலிலே, அதிகாரியின் மனைவி ஒருத்தி தன் தோழியைப் பிறந்தநாள் விழாவுக்கு அன்போடு அழைக்கிறாள். இன்னொரு சீவலிலே, அந்நாட்டு மக்களின் போர்முறை பற்றிய குறிப்பு. அதில் அவர்களைக் குறிக்க இளக்காரமான ஒரு சொல். பிரித்தானியர் என்று எழுதவில்லை. அற்பப் பிரித்தானியர் என்ற பொருள்பட ஒரு குறுக்கல்! கல்மதில் எழும்பும் முன்பே சொல்மதில் எழும்பிவிட்டது, பார்த்தீர்களா?

கி.பி. 410-ஐ ஒட்டி ரோமானிய ஆட்சி அத்தீவிலிருந்து நீங்கியது. வாயில்களைக் காப்பார் இல்லை. நூற்றாண்டுகள் உருண்டன. அதன் பிறகுதான் புரோகோபியஸ் தொலைதூரத்துத் தலைநகரிலிருந்து அந்தப் பாம்புக்கதையை எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை. இறந்தோரின் ஆவிகளை அத்தீவுக்குப் படகேற்றிச் செல்வார்களாம். எதிர்க்கரையில் வாழும் செம்படவர்களின் கதவை நள்ளிரவில் யாரோ தட்டுவார்களாம். ஆளே தெரியாத படகு, பாரம் தாங்காமல் நீர்மட்டம் வரை அமிழுமாம். இந்தக் கதையைத் தம்மால் நம்ப இயலவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை; அந்த அளவுக்கு அவருக்கு நன்றி. ஆனால் ரோமானியச் செல்வாக்கு அற்றுப்போன நிலம், அவருடைய ஏட்டிலே உயிரற்றோர் நிலமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக இன்னொருவர் எழுதினார். பெயர் பீட். டைன் ஆற்றங்கரையில் ஜாரோ என்னும் ஊரில், மதிலின் கிழக்குக் கோடிக்கு அருகே வாழ்ந்த துறவி. அற்புதங்களை நம்பியவர்தான், பகுத்தறிவாளர் அல்லர். ஆயினும் 731-இல் முடித்த தம் வரலாற்று நூலில் அம்மதிலைப் பற்றி அவர் எழுதியது என்ன? எட்டடி அகலம், பன்னிரண்டடி உயரம்! அவ்வளவே. பாம்பில்லை, நச்சுக்காற்றில்லை. அருகிலிருந்தவர் அடிக்கணக்கு எழுதினார். தொலைவிலிருந்தவர் பாம்புக்கணக்கு எழுதினார். எதிரில் இருப்பதை அளக்கலாம். காணாததை அளக்க முடியாது, அஞ்சத்தான் முடியும். அச்சத்துக்கு அளவுகோல் கிடையாது.

அடுத்த எல்லை, கல்லால் ஆனதன்று, மண்ணால் ஆனது. 757 முதல் 796 வரை மெர்சியா நாட்டை ஆண்ட ஆஃபா மன்னன், தன் நாட்டுக்கும் மேற்கிலிருந்த மக்களுக்கும் இடையே பள்ளம் தோண்டிக் கரை எழுப்பினான். இன்றும் சுமார் 80 மைல் நீளத்துக்கு அதன் சுவடு தெரிகிறது. 'மெர்சியா' என்ற பெயரின் பொருளே எல்லைப்புறத்தார் என்பதுதான். கரைக்கு மேற்கிலிருந்தோரை ஆங்கிலேயர் 'வெல்ஷ்' என்றனர். அச்சொல்லின் வேர்ப்பொருள் அயலான்! சொந்த மண்ணில், சொந்த மொழி பேசி, வந்தவர்க்கு முன்பே வாழ்ந்தவன் அயலானாம். வந்து சேர்ந்தவன் பெயர் சூட்டுகிறான்; இருந்தவன் அப்பெயரைச் சுமக்கிறான். அவர்களோ தம்மைத் தாமே 'கம்ரி' என்று அழைத்துக்கொண்டனர். பொருள், உடன்நாட்டார். ஒரே மக்களுக்கு இரு பெயர். கரைக்கு இப்புறம் நின்றால் அயலார். அப்புறம் நின்றால் உறவினர்.

அந்த எல்லைப்புறத்திலே பிறந்தவர் ஜெரால்ட் என்னும் பாதிரியார். தந்தை வழி நார்மன் குருதி. தாய் வழியில் வேல்ஸ் நாட்டு இளவரசியின் குருதி. கற்றவர், துணிந்தவர், செயின்ட் டேவிட்ஸ் மறைமாவட்டத்தின் பேராயத் தலைமைக்குத் தகுதி படைத்தவர். 1176-இல் அங்கிருந்த குருமார் அவர் பெயரை முன்மொழிந்தனர். மன்னன் இரண்டாம் ஹென்றி மறுத்துவிட்டான். பல்லாண்டுகள் கழித்து மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1203-இல் போப்பாண்டவர் அத்தேர்தலை இரத்துச் செய்தார். வேல்ஸ் உறவினர் இருக்கிறார்களே, இவரை நம்பலாமா என்று அரண்மனை ஐயுற்றது. நார்மன் மகன்தானே என்று வேல்ஸ் மக்கள் ஐயுற்றனர். எல்லையில் பிறந்தவனுக்கு இருவீடு என்று நினைக்கிறோம். பலவேளை ஒரு வீடும் இல்லை என்பதுதான் நடைமுறை.

இந்த ஜெரால்ட் 1188-இல் வேல்ஸ் நாட்டைச் சுற்றி வந்தார். அப்பயணத்தைப் பற்றி எழுதிய நூலிலே ஒரு கதையைப் பதித்தார். எலிடோர் என்ற சிறுவன், வயது பன்னிரண்டு. ஆசானின் பிரம்படிக்கு அஞ்சி ஓடி, ஆற்றங்கரைக் குடைவில் பட்டினியோடு ஒளிந்திருந்தான். குள்ள மனிதர் இருவர் தோன்றினர். நிலத்தடி வழியே ஒரு நாட்டுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே கதிரவன் ஒளி முழுமையாக இல்லை. ஆனால் மக்கள் அழகியர், நேர்மையர். புலால் உண்ணார். ஆணையிட்டுச் சத்தியம் செய்யார். ஏனெனில் பொய்யை அவ்வளவு வெறுத்தனர். நம் உலகுக்கு வந்து போகும்போதெல்லாம், இங்குள்ளோரின் பேராசையையும் வாக்குத் தவறுதலையும் பழித்தனர். சிறுவன் இரு உலகுக்கும் போய் வந்தான். தாயிடம் சொன்னான். தாய் என்ன கேட்டாள்? "அங்கிருந்து கொஞ்சம் பொன் கொண்டுவா!" மன்னன் மகன் விளையாடிய பொற்பந்தைத் திருடிக்கொண்டு ஓடிவந்தான். வீட்டு வாயிற்படியிலே கால் இடறி விழுந்தான், பந்து உருண்டது. துரத்திவந்த இருவரும் அதை எடுத்துக்கொண்டு, அவனை ஏளனமாய்ப் பார்த்துவிட்டுச் சென்றனர். பிறகு ஓராண்டு தேடியும் அவ்வழி அகப்படவேயில்லை. அவன் முதியவனாகி, குருவானவனாகிய பிறகும், இதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணீர் விட்டானாம்.

நிலத்தடி நாடு ஒன்று இருந்ததா? இல்லை. அதை மெய்யென்று வாதாட வேண்டிய தேவையும் நமக்கில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அயல்நாட்டைச் சுரண்டிய வெற்றியாளர் காலத்திலே, எல்லைக்கு இருபுறமும் உறவுகொண்ட ஒருவர் இதை எழுதி வைத்தார். அந்தக் கதையிலே திருடன் எப்புறத்தான்? இப்புறத்தான்! அப்பாலிருந்தோர் கையிலே பொன் விளையாட்டுப் பொருளாக இருந்தது. இப்பாலிருந்து போனவன் கையிலே அது களவுப் பொருளாயிற்று. வாயிற்படி என்பது வீட்டுக்கும் வெளிக்கும் நடுவே உள்ள இடம். அந்த இடத்திலேதான் அவன் இடறி விழுந்தான்.

வடக்கே திரும்புவோம். ஆங்கில நாட்டுக்கும் ஸ்காத்லாந்துக்கும் இடையிலான எல்லைக்கென்றே 1249-இல் தனிச் சட்டம் வகுத்தனர். இரு நாட்டு வீரத்திருத்தகையோரும் கூடி வகுத்த சட்டம். ஆனால் எஸ்க், சார்க் ஆறுகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம் எவருக்கும் உரியதாகவில்லை. 'வழக்கு நிலம்' என்றே அதற்குப் பெயர். பகலிலே இரு நாட்டாரும் மாடு மேய்க்கலாம். நிலையாக வீடு கட்டக்கூடாது. இருந்தும் குடியேறினர் சிலர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலே, அங்கே வாழ்வோரைக் கொள்ளையிட்டாலும் கொன்றாலும் கேள்வி முறை இல்லை என்று எல்லைக் காவலர் அறிவித்தனர். எந்த நாட்டுக் குடியும் அல்லாதவன் எவரும் கொல்லத்தக்கவன்! 1552-இல், பிரெஞ்சுத் தூதுவரின் நடுவுநிலையோடு, அந்நிலத்தை இரு கூறாக்கி, குறுக்கே மண்கரை எழுப்பினர். 1603-இல் இரு நாட்டு முடியும் ஒரே தலையில் அமர்ந்தது. "இனி இது எல்லைப்புறம் அல்ல, நாட்டின் நடுப்புறம்" என்று ஜேம்ஸ் மன்னன் பெயரை மாற்றினான். பெயர் மாற்றத்தோடு தூக்குமரங்களும் வந்தன, நாடு கடத்தலும் வந்தது.

அந்த எல்லைப்புறச் சட்டத்தின் கடுமைக்கு ஒரு சான்று. காவலரின் இசைவின்றி ஆங்கிலேயனும் ஸ்காத்லாந்துப் பெண்ணும் மணந்துகொள்வது குற்றம். அதற்கு மரணதண்டனையும் உண்டு. காதலுக்கும் கடவுச்சீட்டு!

இதே மண்ணிலேதான் மாயப்பாடல்கள் முளைத்தன. வால்டர் ஸ்காட் 1802, 1803-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட எல்லைப்புறப் பாடல் தொகுப்பிலே டாம் லின் என்பவனின் கதை உண்டு. அவனை மாயநாட்டு அரசி பிடித்துச் சென்றுவிட்டாள். ஏழாண்டுக்கு ஒருமுறை அந்நாட்டார் நரகத்துக்குக் கப்பம் கட்ட வேண்டும். இம்முறை அவனே கப்பமாகிவிடுவானோ என்ற அச்சம். அவன் பிள்ளையைச் சுமக்கும் பெண், நள்ளிரவில், நாற்சந்தியிலே காத்திருக்கிறாள். மாயப்படை வருகிறது. குதிரையிலிருந்து அவனை இழுத்து இறுகத் தழுவுகிறாள். அவன் பாம்பாகிறான், விலங்காகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான். அவள் பிடியை விடவில்லை. முடிவிலே அவள் கையில் இருந்தது என்ன? மனிதன்! வெறும் மனிதன்!

திருமணத் தடைச்சட்டம்தான் இப்பாடலைப் பிறப்பித்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் எல்லை தாண்டிய காதல் உயிருக்கு உலைவைத்த மண்ணிலே, இப்பாடலைக் கேட்ட பெண்ணின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்பதை உணரக் கடினமான ஆராய்ச்சி தேவையில்லை. புரோகோபியஸ் தொலைவிலிருந்து பாம்பைக் கண்டார். இவள் பாம்பைக் கட்டிப்பிடித்தாள், மனிதனைக் கண்டாள்.

இந்தப் பழஞ்சரக்குகளைக் கொண்டுதான் இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் புதுக்கட்டடம் எழுப்பினர். டன்சனி பிரபு 1924-இல் எழுதிய நாவலிலே, எர்ல் என்னும் சிற்றூருக்கும் மாயநாட்டுக்கும் நடுவே அந்திநேரத்து ஒளியாலான எல்லை இருக்கிறது. அதைக் கடந்து அரசகுமாரியை மணந்து வருகிறான் இளவரசன். வந்தவள் விண்மீன்களை வணங்குகிறாள், கணவன் கடிந்துகொள்கிறான். "எங்கள் வழக்கம் இது, உன் வழக்கம் தவறு" என்ற ஓயாத திருத்தலிலே மனம் நொந்து, அவள் தன் நாடு திரும்புகிறாள். எல்லையே பின்வாங்கி மறைகிறது. ஆண்டுக்கணக்கிலே அலைகிறான் அவன். கற்கள் நிறைந்த வெற்றுவெளியே எஞ்சுகிறது. எல்லை கடந்து பெண்ணைக் கொண்டுவரத் தெரிந்தவனுக்கு, அவளோடு எல்லை கடந்து வாழத் தெரியவில்லை.

1926-இல் ஹோப் மிர்லீஸ் என்ற பெண்மணி எழுதிய நாவல் இன்னும் கூர்மையானது. டோரிமேர் என்றொரு வணிகர் நாடு. அதற்கும் மாயநாட்டுக்கும் நடுவே 'வழக்கு மலைகள்'! அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததென்று உங்களுக்கு இப்போது விளங்கும். வணிகர்கள் புரட்சி செய்து பிரபுவை விரட்டினர். மாயநாட்டுப் பழத்தைத் தடை செய்தனர். அந்நாட்டின் பெயரைச் சொல்வதே அநாகரிகம் என்றாக்கினர். பெயரையே உச்சரிக்கக்கூடாத பழத்தை நீதிமன்றத்தில் எப்படி விசாரிப்பது? சட்டத்தின் கண்ணுக்கு அது பழமே அல்ல, கள்ளத்தனமாக வந்த பட்டுத்துணி! பழம் தின்றவனைத் துணி கடத்தினான் என்று தண்டிக்கிறார்கள். ஆனால் மாயநாட்டிலிருந்து வரும் ஆறோ தலைநகரின் ஊடேதான் பாய்கிறது. எல்லையை மூடினார்கள், ஆற்றை மூட முடியவில்லை. முடிவிலே நகரத் தலைவரே, தம் மகனைத் தேடி எல்லையைக் கடக்க வேண்டியதாகிறது. வாயிலே மறைத்துவிட்டால் வாழ்விலே மறைந்துவிடும் என்று கருதும் ஆட்சியாளர்க்கு இதைவிடச் சிறந்த கிண்டல் உண்டா?

டோல்கீன் என்ற பேரறிஞர், பழைய ஆங்கில மொழிப் பேராசிரியர், 1954-55-இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட பெருங்கதையை நம் இளைஞர் பலர் திரைப்படமாகப் பார்த்திருப்பர். அதிலே குதிரைவீரர் நாட்டுக்கு 'மார்க்' என்று பெயர். மெர்சியாவின் வேர்ச்சொல்லேதான் அது. மூன்றாம் பாகம் வெளிவந்த மறுநாள், 1955 அக்டோபர் 21 அன்று, ஆங்கிலமும் வெல்ஷும் என்ற பொருளில் அவர் சொற்பொழிவாற்றினார். 'வெல்ஷ்' என்ற சொல்லின் வரலாற்றை அதிலே ஆராய்ந்தார். இத்தனை அறிந்தவரும் தம் கதையிலே தீமையைக் கிழக்கே வைத்தார், தெற்கே வைத்தார். பகைவரிலே ஓரினத்தை அடியோடு இரக்கத்துக்கு அப்பாற்பட்டதாக்கினார். இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நூலிலே, தெற்கத்திப் போர்வீரன் ஒருவனின் பிணத்தருகே நிற்கிறான் எளிய தோட்டக்காரன் சாம். இவன் பெயர் என்ன, எந்த ஊரான், உண்மையிலேயே கொடியவனா, எந்தப் பொய் இவனை வீட்டைவிட்டு இவ்வளவு தொலைவு இழுத்து வந்தது என்று எண்ணுகிறான். மன்னருக்கும் மாயாவிக்கும் தோன்றாத கேள்வி, மண் கிளறிய கைக்குத் தோன்றுகிறது!

கடைசியாக, நாம் தொடங்கிய அதே மதில். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1981-இல் ஹேட்ரியன் மதிலருகே சென்று நின்றார். வடக்கே நோக்கி நின்ற ரோமானிய வீரனின் நெஞ்சிலே என்ன அச்சம் இருந்திருக்கும் என்று எண்ணினார். அந்த எண்ணமே 1996-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நாவல் வரிசையில் 700 அடி உயரப் பனிமதிலாக எழுந்தது. மதிலுக்குத் தெற்கே ஏழு நாடுகள், வடக்கே 'காட்டுமிராண்டிகள்'. அவர்களோ தம்மைச் 'சுதந்திர மக்கள்' என்று அழைத்துக்கொள்கின்றனர். அயலார், உடன்நாட்டார் என்ற பழைய இருபெயர் மறுபடி வந்துவிட்டது! மதிலை ஒட்டிய தெற்கத்தியாருக்கும் அவர்களுக்கும் மூதாதையர் ஒருவரே. மதில் எழுந்தபோது இப்புறம் இருந்தவன் குடிமகன். அப்புறம் அகப்பட்டவன் காட்டுமிராண்டி. பிறப்பு வேறுபடுத்தவில்லை, சுவர் வேறுபடுத்திற்று.

அங்கே காவல்வீரன் ஒருவன் காயமுற்றான். அவனைக் காப்பாற்றிய வடக்கத்திப் பெண்ணொருத்தி, அவனுடைய கிழிந்த கறுப்பு அங்கியைச் சிவப்புப் பட்டால் தைத்துக் கொடுத்தாள். "சிவப்புத் தையல் கூடாது, அங்கியை எறி!" என்றது படைத்தலைமை. அன்பால் தைத்த தையலை எறிய மனமில்லாதவன் மதிலைத் தாண்டிப் போனான். அந்த மக்களுக்கே தலைவனானான். 2011-இல் வெளிவந்த ஐந்தாம் பாகத்திலே இன்னொரு தலைவன், சாவு துரத்த ஓடிவரும் வடக்கத்தி மக்களுக்கு மதிலின் கதவைத் திறந்துவிடுகிறான். அவனைக் குத்தியது யார்? பகைவர் அல்லர், அவனுடைய தோழர்களே. கதவைத் திறந்தவனுக்குக் கத்தி! கற்பனைதான், ஆனால் வரலாறு படித்தவன் எவனும் இதைக் கற்பனை என்று தள்ளிவிட மாட்டான்.

தோழர்களே! ஹேட்ரியன் மதில் இன்று பெரும்பாலும் இடிந்து கிடக்கிறது. அதன் கற்கள் தேவாலயச் சுவருக்கும் தொழுவத்துக்கும் பாதைக்கும் போயின. இன்றைய ஸ்காத்லாந்தின் எல்லையும் அதுவன்று. மதில் முழுவதும் இங்கிலாந்துக்குள்ளேயே கிடக்கிறது. பேரரசு எந்தக் கோட்டை உலகின் விளிம்பு என்று கருதியதோ, அது இன்று ஒரு நாட்டின் உள்ளூர்ப் புல்வெளி.

ஆனால் அந்த மதிலின் கிழக்குக் கோடிக்கு அருகே, டைன் ஆற்றின் முகத்துவாரத்திலே கிடைத்த ஒரு கல் இன்றும் நிற்கிறது. இரண்டாம் நூற்றாண்டுக் கல்லறைக் கல். அதில் கம்பளி நூற்கும் கோலோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் பெயர் ரெஜினா. தென்பிரித்தானியக் குலத்தவள், அடிமையாயிருந்து விடுதலை பெற்றவள், முப்பது வயதிலே மறைந்தவள். கல் நாட்டியவன் அவள் கணவன் பராடெஸ். அவன் ஊர் சிரியப் பாலைவனத்துப் பால்மைரா. ஆட்சியாளரின் இலத்தீன் மொழியிலே முறைப்படி செதுக்கச் செய்தான். அது போதவில்லை அவனுக்கு. அதன் கீழே, அந்த ஊரில் எத்தனை பேர் படிக்கக்கூடுமோ அறியோம், தன் தாய்மொழி எழுத்திலே ஒரே ஒரு வரி. அவள் பெயரும், தன் பெயரும், ஒரு துயரக்குரலும்.

பேரரசன் எல்லை வகுத்தான். வரலாற்றாசிரியர் பாம்பு வைத்தார். சட்டம் தூக்குமரம் நட்டது. அவற்றின் நிழலிலேயே ஒரு பாலைவனத்தானும் ஒரு பிரித்தானியப் பெண்ணும் இல்லறம் நடத்தினர். "அப்புறத்தான் மனிதனல்லன்" என்று யாரேனும் உங்களிடம் சொல்லும்போது, அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நீர் அருகே சென்று அளந்தீரா? இந்தப் பெயரை அவனுக்குச் சூட்டியது யார்? அவன் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறான்? விடை வராது; சினம் வரும். கட்டிப்பிடித்த அந்தப் பெண்ணைப்போல் நீங்கள் பிடியை விடாமல் நில்லுங்கள். பாம்பும் விலங்கும் பழுத்த இரும்பும் ஒவ்வொன்றாய்க் கழன்றுபோகும். கையில் எஞ்சி நிற்பவன் மனிதன்.